முகப்பருவுக்கு மருந்து: ஒரு பட்டாணி அளவு போதும்!

அந்தப் பெண்ணுக்கு வயது 17. பிளஸ்-2 படிக்கிறாள்.

அவளுடைய அக்காளுக்குக் கல்யாணம். இன்னும் 10 நாள்தான் இருக்கிறது. வீடு முழுவதும் ஒரே பரபரப்பு. பட்டுப் புடவை வந்துவிட்டது. தைக்கக் கொடுத்த ரவிக்கையும் வந்துவிட்டது.

ஆனால் தங்கையின் முகத்தில் மட்டும் சிரிப்பு இல்லை. கண்ணாடி முன் நிற்கிறாள். கன்னத்தில் 5, 6 பருக்கள். நெற்றியில் குருணை குருணையாகச் சின்னப் பருக்கள். மூக்கு நுனியில் ஒன்று, சிவந்து பழுத்து நிற்கிறது.

"அம்மா! இந்த மூஞ்சியோடு நான் எப்படிப் போட்டோவில் நிற்பது?"

"எல்லாம் வயசுக் கோளாறுடி! எனக்கும் இருந்தது. கல்யாணம் ஆனால் தானாகப் போய்விடும்" என்கிறாள் தாய்.

மகளுக்கு அழுகை வருகிறது. அவளுக்கு வேண்டியது 10 நாளில் பரு போக வேண்டும். தெருக் கோடியில் இருக்கும் மருந்துக் கடைக்கு ஓடுகிறாள்.

"அண்ணே! பருவுக்கு ஏதாவது களிம்பு கொடுங்க. சீக்கிரம் போகணும்."

கடைக்காரர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு சின்ன டியூப்பை எடுத்துப் போடுகிறார்.

"ராத்திரி தடவிக்கிட்டுப் படும்மா. 4 நாளில் முகம் பளபளன்னு ஆயிடும்!"

அவர் சொன்னது பலித்துவிட்டது! 4-வது நாள் சிவப்பு மறைந்தது. வீக்கம் வற்றியது. கல்யாணத்துக்கு வந்தவர்கள், "என்னடி, இப்படி வெளுத்துவிட்டாய்?" என்று கேட்டார்கள். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் களிம்பையே தொடர்ந்து தடவினாள்.

3 மாதம் ஆயிற்று.

வெயிலில் போனால் முகம் எரிந்தது. ஒரு நாள் களிம்பு தடவாமல் விட்டால் போதும். முகம் சிவந்து, அரித்து, முன்னைவிட அதிகமாகப் பரு கிளம்பியது. கன்னத்தில் ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் போலத் தெரிந்தன. உதட்டுக்கு மேலே பூனைமுடி வேறு!

இது யாரோ ஒரு பெண்ணின் கதை அல்ல. ஊருக்கு ஊர் நடப்பது. தோல் டாக்டர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

பரு மருந்தே அல்ல!

அவள் தடவியது என்ன?

அது பருவுக்கான மருந்தே அல்ல. ஸ்டீராய்டு களிம்பு!

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று நினைத்துவிட வேண்டாம். கரப்பான் போன்ற தோல் நோய்களுக்கு டாக்டர்கள் அதைக் கொடுப்பது உண்டு. எந்த இடத்தில், எத்தனை நாள், எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்பார்கள்.

முகத்துத் தோல் மெல்லியது. அங்கே வீரியமான ஸ்டீராய்டைத் தினமும் தடவினால் என்ன ஆகும்? முதலில் சிவப்பும் வீக்கமும் அடங்கும். நிறமும் கொஞ்சம் வெளுக்கும். பார்ப்பவர்கள் ஏமாந்து போவார்கள். உள்ளே தோல் மெலிந்துகொண்டே வரும். பிறகு ஸ்டீராய்டே புதுப் பருக்களைக் கிளப்பும். நிறுத்தினால் முகம் கொதிக்கும். அதற்குப் பயந்து மறுபடியும் தடவுவார்கள். புலிவால் பிடித்த கதைதான்!

வீரியமான ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் விதியை இறுக்கியது. அப்படியும் "அண்ணே, ஒரு களிம்பு" என்று கேட்டால் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று பெயர் சொல்லி வாங்குகிறவர்களும் உண்டு.

ஆகையால் டியூப்பைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், கிளோபெட்டசால், மொமெட்டசோன், ஃபுளூசினோலோன். இந்தப் பெயர்களில் ஒன்று இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முகப்பருவுக்கு வேண்டவே வேண்டாம்.

டியூப்பில் பெயர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். ஆங்கிலம் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். அல்லது கடைக்காரரையே, "இதில் என்ன மருந்து இருக்கிறது? படித்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். காசு கொடுப்பவருக்கு அது உரிமை!

ஏற்கனவே மாதக்கணக்கில் இந்தக் களிம்பைத் தடவுகிறவர்கள் திடீரென்று நிறுத்திவிட்டுத் தவிக்க வேண்டாம். தோல் டாக்டரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்லுவார்.

பரு ஏன் வருகிறது?

சரி, பருவுக்கு உண்மையான மருந்து எது? அதற்கு முன்னால் பரு எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்தது.

தோலுக்கு அடியில், மயிர்க்கால்களை ஒட்டிச் சின்னஞ்சிறு எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. முகம், மார்பு, முதுகு ஆகிய இடங்களில் இவை அதிகம். வயதுக்கு வரும் காலத்தில் உடம்பில் ஹார்மோன்கள் பெருகும். உடனே இந்தச் சுரப்பிகள் அதிகமாக எண்ணெயைக் கக்கும். உதிர்ந்த தோல் செதில்களும் இந்த எண்ணெயும் சேர்ந்து துவாரத்தை அடைத்துக்கொள்ளும். பாட்டிலுக்குத் தக்கை அடித்தது போல!

தக்கையின் வாய் திறந்திருந்தால் நுனி கறுத்துவிடும். அதுதான் கரும்புள்ளி. அது அழுக்கு அல்ல. சோப்புப் போட்டு எத்தனை தடவை தேய்த்தாலும் போகாது.

அடைபட்ட துவாரத்துக்குள்ளே ஒரு கிருமி பெருகும். இது எல்லோருடைய தோலிலும் குடியிருக்கும் கிருமிதான். காற்றில்லாத இடம் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம். அது பெருகியதும் உடம்பு எதிர்த்து நிற்கும். அந்தச் சண்டையில்தான் சிவப்பு, வீக்கம், சீழ் எல்லாம்.

ஆகவே பரு வருவது அசுத்தத்தால் அல்ல. கெட்ட எண்ணத்தாலும் அல்ல. இந்த அபாண்டத்தைக் கேட்டுக் கேட்டு எத்தனை பிள்ளைகள் கூனிக் குறுகிப் போயிருக்கிறார்கள்! கல்யாணம் ஆனால் போய்விடும் என்பதும் சரி அல்ல. வயது ஏற ஏறப் பலருக்குக் குறைகிறது. தாலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 30 வயதிலும் பருவோடு இருக்கும் பெண்கள் உண்டு.

பையன்களை மறந்துவிடக் கூடாது. கடுமையான பரு ஆண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம். அவர்கள் வெளியே சொல்வதில்லை. அவ்வளவுதான்.

பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்

லேசான பருவுக்கு உலகம் முழுவதும் பல ஆண்டுகளாகப் பயன்படும் மருந்து ஒன்று உண்டு. பெயர் வாயில் நுழையாது. பென்சாயில் பெராக்சைடு!

இது தோலில் பட்டதும் பிராண வாயுவை வெளியிடும். காற்றில்லாத மூலையில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு அந்தப் பிராண வாயுதான் எமன். துவாரத்தை அடைத்திருக்கும் தக்கையையும் இது கொஞ்சம் இளக்கும்.

இன்னொரு நன்மையும் இருக்கிறது. ஆன்டிபயாடிக் களிம்பை மட்டும் நெடுநாள் தடவினால் கிருமி அதற்குப் பழகிவிடும். பிறகு மருந்து வேலை செய்யாது. பென்சாயில் பெராக்சைடுக்கு அப்படிக் கிருமி பழகுவதில்லை.

இந்த மருந்து நூற்றுக்கு 2.5 பங்கு, 5 பங்கு, 10 பங்கு என்று பல அளவுகளில் வருகிறது. "10 இருக்கும்போது 2.5 எதற்கு? பெரியதையே கொடுங்கள்" என்று கேட்பது மனித சுபாவம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்.

1986-ஆம் ஆண்டில் இதுபற்றி ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. சிவந்து வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 பங்கு மருந்து 5-க்கும் 10-க்கும் சளைத்தது அல்ல என்று அதில் தெரிந்தது. 10 பங்கு மருந்தில் கூடியது எரிச்சல்தான்!

ஆகவே 2.5 என்று கேட்டு வாங்குங்கள். டியூப்பில் வேறு மருந்துப் பெயரும் சேர்ந்திருந்தால் அது கலப்பு மருந்து. அதை டாக்டர் சொன்னால் மட்டும் வாங்குங்கள்.

முதல் 3 நாள் சோதனை

வாங்கியவுடன் முகத்தில் அப்பிக்கொள்ள வேண்டாம். தாடைக்குக் கீழே ஓர் ஓரத்தில், ஒரு சின்னப் பருவின் மேல் மட்டும் சிறிதளவு தடவுங்கள். 3 நாள் பாருங்கள். ஒன்றும் இல்லை என்றால் மேலே போகலாம்.

எதற்கு இந்தச் சோதனை? ஆயிரக்கணக்கானோர் இந்த மருந்தைத் தடவி நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு ஒவ்வாமை வருகிறது. தொண்டை இறுகுதல், மூச்சுத் திணறல், மயக்கம், கண்ணும் உதடும் வீங்குதல். இப்படி வந்தால் உயிருக்கே ஆபத்து. 2014-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. 3 நாள் சோதனையைச் சொன்னதும் அதுதான். இந்த அறிகுறிகளில் ஒன்று கண்டாலும் மருந்தை உடனே கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது.

தடவுவது எப்படி?

ராத்திரி படுக்கப் போகும் முன் மிதமான சோப்பினால் முகத்தைக் கழுவுங்கள். வெறும் விரல் போதும். நாரோ, கரடுமுரடான துணியோ வேண்டாம். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் நன்றாகக் காயட்டும். ஈர முகத்தில் தடவினால் எரியும்.

இப்போது டியூப்பைப் பிதுக்குங்கள். எவ்வளவு? ஒரு பட்டாணி அளவு! முழு முகத்துக்கும் அவ்வளவுதான்.

அந்தப் பட்டாணியை நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று பொட்டுப் பொட்டாக வைத்து, மெல்லியதாகப் பரப்புங்கள். பருவின் தலையில் மட்டும் வைப்பது தவறு. இன்று தெரியும் பரு உள்ளே பிறந்து பல நாள் ஆகிவிட்டது. நாளைக்கு வரப்போகும் பரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் பிடிக்க வேண்டும். பரு வரும் இடம் முழுவதும் தடவ வேண்டும்.

கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். புண், கீறல் இருக்கும் இடத்தையும் விட்டுவிடுங்கள். முகச் சவரம் செய்த உடனேயும் கூடாது. தடவி முடித்ததும் கையைக் கழுவுங்கள்.

முதல் 2 வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவினால் போதும். முகம் பழகிய பிறகு தினமும் ராத்திரி தடவலாம்.

முகம் வறளும். லேசாகச் செதில் உரியும். கொஞ்சம் சுறுசுறு என்று இருக்கும். இது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஈரப்பசை தரும் கிரீம் ஒன்றை மேலே தடவிக்கொள்ளலாம். துவாரத்தை அடைக்காத கிரீம் என்று கேட்டு வாங்குங்கள். வறட்சி அதிகமானால் 2, 3 நாள் நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்குங்கள். எரிச்சல் தாங்க முடியவில்லை, முகம் வீங்குகிறது, கொப்புளம் வருகிறது என்றால் அது பழக்கம் அல்ல. நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நம் ஊர் மக்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். வெள்ளைத் தோலில் புண் ஆறினால் சிவப்பாகத் தெரியும். கொஞ்ச நாளில் மங்கிவிடும். நம் தோலில் எரிச்சல் பட்ட இடமெல்லாம் கறுத்துவிடும். அந்தக் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். பருவைக் கிள்ளினாலும் கறுக்கும். மருந்தை அள்ளிப் பூசி எரியவிட்டாலும் கறுக்கும். பரு 10 நாளில் போய்விடும். தழும்பும் கறுப்பும்தான் நிற்கும். அதனால்தான் 2.5 பங்கு, பட்டாணி அளவு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று இவ்வளவு சொல்ல வேண்டியிருக்கிறது!

பகலில் வெயிலில் போகிறவர்கள் குடை பிடிக்கலாம். சன்ஸ்கிரீன் தடவலாம். கறுப்பு சீக்கிரம் மங்க அதுவும் உதவும்.

அப்பாவின் நீலத் துண்டு

இந்த மருந்துக்கு ஒரு விஷமக் குணம் உண்டு. சாயத்தை வெளுத்துவிடும்! கோதுமை மாவை வெள்ளையாக்கப் பயன்பட்ட சரக்கு இது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

பெண் முகம் துடைத்த அப்பாவின் நீலத் துண்டில் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டு விழும். தலையணை உறை, தாவணி, சட்டைக் காலர் எதுவும் தப்பாது. துவைத்தாலும் போகாது. சலவைக்காரர் மேல் பழி போட வேண்டாம்! வெள்ளைத் துண்டும் வெள்ளைத் தலையணை உறையும் போட்டுக்கொள்ளுங்கள். புருவத்திலும் முன்மயிரிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"துணியை வெளுக்கிறதே, முகத்தையும் வெளுக்குமா?" என்று ஆசைப்பட வேண்டாம். வெளுக்காது. இது சிவப்பழகு கிரீம் அல்ல. அதிகமாகத் தடவினால் மேலே சொன்னபடி கறுக்கத்தான் செய்யும்.

டியூப்பை அடுப்படியிலோ, வெயிலில் நிற்கும் ஸ்கூட்டர் பெட்டியிலோ வைக்கக் கூடாது. சூடு பட்டால் இந்த மருந்திலிருந்து பென்சீன் என்ற தீய பொருள் பிரியக்கூடும். 2025 மார்ச்சில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 95 பரு மருந்துகளைச் சோதித்த முடிவை வெளியிட்டது. மிகப் பெரும்பாலானவற்றில் பென்சீன் இல்லை, அல்லது இருந்தும் மிகக் கொஞ்சம்தான். அளவு மிஞ்சிய சிலவற்றைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். ஆகவே பயப்பட வேண்டியது இல்லை. நிழலான, குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். தேதி முடிந்த டியூப்பை எறிந்துவிடுங்கள்.

வீட்டு வைத்தியம்

பற்பசையைப் பரு மேல் வைக்கிறார்கள். எலுமிச்சைச் சாறு தடவிக்கொண்டு வெயிலில் போகிறார்கள். இரண்டும் தோலைப் புண்ணாக்கும். எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கறுத்துப்போவதும் உண்டு.

தலைக்கு எண்ணெய் வைப்பது நம் பழக்கம். எண்ணெய் நெற்றிக்கு வழிந்தால் அங்கே துவாரம் அடைபடும். நெற்றியில் மட்டும் குருணை குருணையாகப் பரு வருகிறவர்கள் முதலில் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள். மருந்தே வேண்டாமல் போகலாம்! முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவுவதும் பரு உள்ளவர்களுக்கு ஆகாது.

சாப்பாடு? இனிப்பும் மாவுப் பண்டமும் அதிகமானால் சிலருக்குப் பரு கூடுகிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அதற்காகப் பிள்ளையைப் பட்டினி போட வேண்டாம்.

எத்தனை நாள்?

இதுதான் கஷ்டமான கேள்வி. 4 நாளில் அல்ல. 10 நாளிலும் அல்ல. 4 முதல் 6 வாரத்தில் புதுப் பரு வருவது குறையத் தொடங்கும். முழுப் பலன் தெரிய 2, 3 மாதம் ஆகும்.

முதல் 2 வாரத்தில் முகம் வறண்டதுதான் மிச்சம் என்று பலர் டியூப்பைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில்தான் அது குப்பைத் தொட்டிக்குப் போகிறது! பரு போன பிறகும் சட்டென்று நிறுத்தக் கூடாது. கொஞ்ச காலம் தொடர்ந்து தடவினால்தான் திரும்பாமல் இருக்கும்.

10 நாளில் கல்யாணம் என்றால்? உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதான். 10 நாளில் முகத்தைத் துடைத்து வைத்தது போல் ஆக்கும் பரு களிம்பு கடையில் கிடையாது. அப்படி ஆக்குகிறது என்று யாராவது ஒரு டியூப்பை நீட்டினால், முதலில் அதன் மேல் எழுதியிருக்கும் பெயரைப் படியுங்கள்.

டாக்டரிடம் யார் போக வேண்டும்?

பரு கட்டி கட்டியாக ஆழமாக வந்து வலித்தால் கடை மருந்தோடு மல்லுக்கட்டக் கூடாது. பள்ளம் விழுந்த தழும்பு தெரிய ஆரம்பித்தாலும் தாமதம் கூடாது. 3 மாதம் ஒழுங்காகத் தடவியும் பலன் இல்லை என்றாலும் தோல் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பெண்களுக்குப் பருவோடு மாதவிலக்குத் தள்ளித் தள்ளிப் போகிறதா? தாடையில் ரோமம் வளர்கிறதா? அது உள்ளே இருக்கும் ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். களிம்பு மட்டும் போதாது. கர்ப்பிணிகளும், குழந்தைக்குப் பால் கொடுப்பவர்களும் எந்த மருந்தையும் டாக்டரைக் கேட்டே தடவ வேண்டும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அப்படியே.

பருவுக்கு வெட்கப்பட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மறுக்கிறதா? யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறதா? "சின்ன விஷயம்" என்று தாய் தகப்பனார் தள்ளிவிடக் கூடாது. அதுவும் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம்தான்.

பெரிய செலவு ஆகுமே என்று தயங்க வேண்டியது இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் தோல் நோய்ப் பிரிவு உண்டு. காலையில் போய்ச் சீட்டு வாங்கினால் பார்ப்பார்கள். போகும்போது இதுவரை தடவிய டியூப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். காலி டியூப்பாக இருந்தாலும் சரி. டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.